கறுப்புக்குப் பக்கத்து மண்

"மேடம், என் கட்டுரையில கையெழுத்துப் போடுங்க."

"நேத்தும் இதைத்தான் கேட்டீங்க, சார்."

"நேத்தும் நீங்க போடலை."

"ஆமா."

கேட்டவன் அம்புரோஸ். வயது ஐம்பத்தொன்று. கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவன், சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு மண் தோண்ட வந்துவிட்டான்.

கையெழுத்துப் போடாதவர் டாக்டர் பொற்கொடி. அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். இருந்தாலும் குரு அவர்தான், சிஷ்யன் இவன்தான். ஆகவே இந்தக் கதையில் அவருக்கு 'அவர்', இவனுக்கு 'அவன்'. வயதைப் பார்த்து முன்வரிசை கொடுக்க இது கல்யாண வீடு அல்ல.

இடம் கரும்புடவு. மலைச்சரிவில் ஒரு பாறைக் குகை. அந்தப் பக்கத்தில் குகையைப் புடவு என்பார்கள்.

புடவுக்குள் ஒரு குழி. குழியின் அடியில், முறம் அகலத்துக்கு ஒரு கறுப்பு.

சாம்பல், கரி, கருகிய எலும்பு. கல்லாயுதம் மட்டும் செய்யத் தெரிந்த ஆதி மனிதர்களின் காலத்து மண்ணில்.

அது மனிதன் மூட்டிய நெருப்பா, தானாகப் பற்றிய நெருப்பா? அவ்வளவுதான் கேள்வி.

மனிதன் மூட்டியது என்றால், அந்த மலைநாட்டில் அதைவிடப் பழைய அடுப்பு கிடையாது. அம்புரோஸ் பேர் புத்தகத்தில் ஏறும். இல்லையென்றால் விடுப்பு முடிந்து, பழையபடி கரும்பலகை, பழையபடி கந்தக அமிலம். அதைவிடக் கொடிய அமிலமாக அவன் மனைவி ரெஜினாவின் அண்ணன் வாய்.

"மாப்பிள்ளை இன்னும் கரிதான் பொறுக்குறாரா?"

போன கிறிஸ்துமஸ் பந்தியில், எல்லோர் இலைக்கும் கேட்கிற மாதிரி அவர் கேட்டது. அன்றைக்கு விழுங்கிய பிரியாணி அம்புரோஸுக்கு இன்னும் இறங்கவில்லை.

*

"என்ன மேடம் குறை? சொல்லுங்க."

"எலும்பு கறுப்பா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. மண்ணுல மாங்கனீஸ் இருந்தாலும் கறுக்குமே."

"எனக்கே கெமிஸ்ட்ரியா? உடைச்சுப் பாத்தாச்சு. உள்ளுக்குள்ளயும் கருகியிருக்கு. லேப்லயும் எரிஞ்ச எலும்புன்னுதான் சொல்றாங்க."

"சரி. எரிஞ்சிருக்கு."

"அப்புறம் என்ன?"

"வேற எங்கயோ எரிஞ்சதை மழைத்தண்ணி இங்க கொண்டுவந்து போட்டிருந்தா?"

"சாம்பல் கலையாம படிஞ்சிருக்கு. அதுக்கு அடி மண்ணு செங்கல் மாதிரி சிவந்திருக்கு. தண்ணி கொண்டுவந்து போட்டா அடி மண்ணு எப்படி மேடம் வேகும்?"

"சரி. இங்கயே எரிஞ்சிருக்கு."

அம்புரோஸ் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினான்.

"மூட்டினது யாரு?"

மூடியைத் திரும்பப் போட்டான்.

"கல்லாயுதம் பக்கத்துலயே கிடக்கு மேடம்!"

"உங்க வீட்டு மாடியில இடி விழுந்து தீப்பிடிச்சா, வீட்டுல இருந்தாருன்னு உங்க மேல கேஸ் போடலாமா?"

"குகைக்குள்ள எங்க இருந்து இடி வரும்?"

"வெளியில மரத்துல விழும். மரம் எரியும். வேர் வழியா கங்கு உள்ள இறங்கும். வவ்வால் எச்சம் குவிஞ்சு கிடந்தா அதுவும் பத்தும். நெருப்புக்கு மனுஷனை விட்டா வேற நாதி இல்லைன்னு நினைக்கிறீங்க."

இதையெல்லாம் பொற்கொடி உட்கார்ந்தபடியேதான் சொன்னார். கறுப்பை ஒட்டி, குழிக்குள் வெட்டாமல் விட்டிருந்த ஒரு மண் திட்டின் மேல். சாக்கை விரித்து.

அந்தத் திட்டுக்கு ஒரு கதை உண்டு.

ஒரு வாரம் பொற்கொடி வெளியூர் போயிருந்தார். அந்த வாரத்தில்தான் கறுப்பு வெளிப்பட்டது. அம்புரோஸுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் கை ஓடிற்று. படத்தில் கறுப்பு பளிச்சென்று தெரியவேண்டும் என்று, அதன் மூன்று பக்கமும் மண்வெட்டியால் வெட்டி இறக்கினான். வெட்டிய மண்ணைச் சலிக்கவில்லை. வெறும் மண்தானே. கூடை கூடையாகப் புடவுக்கு வெளியே சரிவில் கொட்டினான்.

பொற்கொடி திரும்பி வந்தார். குழியைப் பார்த்தார். சரிவைப் பார்த்தார்.

வெட்டாமல் மிச்சமிருந்த நாலாவது பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிங்க மேடம். அதையும் வெட்டிட்டா படம் சுத்தமா வரும்." மண்வெட்டியோடு நின்றான்.

"எனக்கு இங்க உக்கார வசதியா இருக்கு."

"அங்க ஒண்ணும் இல்ல மேடம். கறுப்பு இல்ல, எலும்பு இல்ல. வெறும் மண்ணு."

"அதனாலதான் வசதியா இருக்கு. நீங்களும் உக்காருங்க, சார்."

"நேரமில்ல மேடம்."

அன்றிலிருந்து தினமும் வேலை நேரத்தில் அவர் இருக்கை அதுதான்.

*

"அப்ப மூட்டினது யாருன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

பொற்கொடி பையில் கைவிட்டு ஒரு தீப்பெட்டியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"கீழ ஓடைக்கரைக்குப் போங்க. கல்லைக் கூட்டி, நாளும் உங்க டீயை நீங்களே போட்டுக் குடிங்க. மழை வர்ற வரைக்கும்."

"டீயா?"

"அங்க ஒரு பட்ட மரத்தோட அடிக்கட்டை நிக்குது. அதுக்கும் ஒருநாள் தீ வைங்க. பக்கத்துல நானும் ஒரு அடுப்பு வச்சுக்கிறேன்."

"மேடம், நான் ஆராய்ச்சி பண்ண வந்தேன். பிக்னிக்குக்கு இல்ல."

"சீனி கொஞ்சம் கம்மியா போடுங்க. உங்க வயசுக்கு நல்லது."

அம்புரோஸ் போனான். போகாமல் என்ன செய்வது, கையெழுத்து அவரிடம் இருக்கிறது.

அடிக்கட்டைக்குத் தீ வைத்தான். அது கொழுந்துவிட்டு எரியக்கூட இல்லை. நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டு கிடந்தது, சண்டை போட்ட மாமியார் மாதிரி.

டீயும் போட்டான். போட்ட லட்சணம் இது.

மூன்று கல்லை வைத்து, சுள்ளியைத் திணித்து, சட்டியை ஏற்றுவான். ஏற்றியதும் மேலே பாறைக்கு ஓடுவான், அங்கேதான் போனில் சிக்னல் வரும். ரெஜினாவிடம் பேசுவான்.

"கையெழுத்து ஆச்சா?"

"நாளைக்கு ஆயிடும்."

"நேத்தும் நாளைக்குத்தான் சொன்னீங்க."

கீழே பால் பொங்கி வழியும். ஓடி வருவான். நின்றுகொண்டே குடிப்பான். வாயைச் சுட்டுக்கொள்வான். நெருப்பைக் காலால் எத்திக் கலைத்துவிட்டு மறுபடி பாறைக்கு ஓடுவான், வேறு யாராவது வேறு எங்காவது இதைவிடப் பழைய அடுப்பைக் கண்டுபிடித்துவிட்டார்களா என்று பார்க்க. அடுத்த நாள் கல் சரியாக உட்காரவில்லை என்று வேறு இடத்தில் அடுப்பு. அதற்கடுத்த நாள் காற்று என்று இன்னொரு இடத்தில்.

பொற்கொடியின் அடுப்பு ஒரே இடத்தில் இருந்தது. அவர் அதன் முன்னால் காலை மடித்து உட்கார்ந்து, கூழாங்கல்லால் இன்னொரு கல்லைத் தட்டிக்கொண்டிருப்பார். டொக். டொக். ஆதி மனிதன் கல்லாயுதம் செய்கிற மாதிரி.

அந்தச் சத்தம் அம்புரோஸின் நரம்பைப் பிடித்து இழுத்தது.

"என்ன மேடம், சின்னப் பிள்ளை சொப்பு விளையாடற மாதிரி."

"கை பழகுது. வாங்க, வந்து உக்காருங்க, சார்."

"நேரமில்ல மேடம்."

மறுநாளும் கூப்பிட்டார். மறுநாளும் நேரமில்லை. அவனுடைய நேரமெல்லாம் எங்கேதான் போயிற்று என்று அவனைக் கேட்டாலும் தெரியாது.

வானம் கறுத்தது. குழியைத் தார்ப்பாயால் மூடிவிட்டு எல்லோரும் ஊருக்குப் போனார்கள்.

*

மழை பெய்தது. ஓடை கரையேறி வந்து, இறங்கிற்று. கிறிஸ்துமஸ் வந்தது. மைத்துனரும் வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, ஆதி மனுஷனே அடுப்பைப் பத்த வச்சுட்டு சோறு பொங்கிச் சாப்ட்டுப் போயிட்டான். நீங்க இன்னும் அது அடுப்பா இல்லையான்னு பாத்துக்கிட்டிருக்கீங்களாமே?"

பந்தியே சிரித்தது. ரெஜினாவும் சிரித்தாள். அதுதான் இறங்கவில்லை.

தை பிறந்ததும் முதல் ஆளாக அம்புரோஸ் புடவுக்கு வந்து நின்றான். இந்தக் கோடையோடு விடுப்பு முடிகிறது.

பொற்கொடி வந்தார். தார்ப்பாயை விலக்கினார். திட்டின் மேல் சாக்கை விரித்தார். உட்கார்ந்தார்.

"மேடம், கையெழுத்து."

"உங்க நெருப்பைக் கண்டுபிடிச்சுட்டு வாங்க. போடறேன்."

"எந்த நெருப்பு?"

"நீங்க டீ போட்டது."

அம்புரோஸுக்குச் சிரிப்பு வந்தது. தன் கையால் மூட்டிய நெருப்பு. இதற்கு ஒரு பரீட்சையா?

கீழே ஓடினான்.

ஓடைக்கரை அடையாளம் மாறியிருந்தது. புதர் இடம் மாறி முளைத்திருந்தது. வண்டல் படிந்திருந்தது. அடுப்புக் கல் எதையும் காணோம். வெள்ளம் உருட்டிற்றோ, ஆடு மேய்க்கிறவர்கள் எடுத்தார்களோ.

மண்ணைச் சுரண்டினான். அங்கே இல்லை. இங்கே இல்லை. வியர்வை கண்ணில் இறங்கியது.

அப்புறம், இருந்தது.

வட்டமான கறுப்பு. கிண்ணம் மாதிரி குழிந்து. அடியில் மண் செங்கல்லாய்ச் சிவந்து. உள்ளே கரி. கரிக்குள் கருகிய சின்ன எலும்பு.

"மேடம்!" என்று அவன் போட்ட சத்தத்தில் மேலே புடவில் வவ்வால்கள் கலைந்தன.

பொற்கொடி இறங்கி வந்தார்.

"இதுதான் என் அடுப்பு. பாருங்க, சிவப்பு! பாருங்க, எலும்பு! ஒருநாள் கோழி வறுத்தேன், ஞாபகம் இருக்கா?"

பொற்கொடி குனிந்து, கறுப்பின் நடுவே கையை விட்டார். மணிக்கட்டு உள்ளே போயிற்று. முழங்கை உள்ளே போயிற்று.

"உங்க அடுப்புக்கு வேர் எப்ப முளைச்சுது, சார்?"

அம்புரோஸும் கையை விட்டுப் பார்த்தான்.

அது அடிக்கட்டை நின்ற இடம். கட்டை எரிந்து, வேர் எரிந்து, வேர் போன வழியெல்லாம் ஓட்டை.

"எலும்பு?" சத்தம் கீழே இறங்கியிருந்தது.

"எலி. பாவம், அதுல குடியிருந்திருக்கும்."

"என் அடுப்பு?"

பொற்கொடி ஓடையைக் காட்டினார். தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

அம்புரோஸ் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தான். ஓங்கித் தரையில் அடித்தான். குச்சிகள் சிதறின.

"நானே மூட்டின நெருப்பை என்னாலயே கண்டுபிடிக்க முடியல! அப்ப லட்சக்கணக்கான வருஷத்துக்கு முந்தினதை எவன் கண்டுபிடிப்பான்? எதையுமே நிரூபிக்க முடியாதுன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே! நான் பாட்டுக்கு என் கந்தக அமிலத்தோட கிடந்திருப்பேன்!"

"கத்தி முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு."

"என்னுதைத் தேடுங்க."

அவர் சாவகாசமாக மேலே ஏறிப் போனார்.

*

எங்கே உட்கார்ந்திருந்தார்?

டொக் டொக் சத்தம் ஞாபகம் இருந்தது. இடம் ஞாபகம் இல்லை. ஒருநாள்கூடத் திரும்பிப் பார்த்துத் தொலைக்கவில்லையே.

கறுப்பைத் தேடினான். காலை முழுக்கக் கறுப்பைத் தேடினான். கரி இல்லை, சாம்பல் இல்லை, சிவந்த மண்கூட இல்லை. புரட்டிப் புரட்டி வெறும் மண்.

பாறைக்கு ஏறினான். போனைப் பார்த்தான். இறங்கினான். மறுபடி ஏறினான். ரெஜினா கூப்பிட்டாள்.

"ஆச்சா?"

"வை."

வெயில் உச்சிக்கு வந்தது. முட்டி ஒத்துழைக்க மறுத்தது. நின்ற இடத்திலேயே, வேறு வழியில்லாமல், தொப்பென்று உட்கார்ந்தான்.

அந்த மலைக்கு வந்ததிலிருந்து அவன் சும்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ஊன்றிய கையில் ஏதோ சுருக்கென்று குத்திற்று.

எடுத்துப் பார்த்தான். கல் சில்லு. நகம் அளவுகூட இல்லை. ஓரம் பிளேடு மாதிரி. தூக்கி எறியப் போனான்.

எறியவில்லை.

கையை ஊன்றிய இடத்தில் இன்னொரு சில்லு. வண்டலை உள்ளங்கையால் மெல்லத் தள்ளினான். இன்னும் ரெண்டு. இந்தப் பக்கம் தள்ளினான். இடதுபக்கமும் சில்லு. முன்னால் சில்லு. பிறை மாதிரி வளைந்து போயிற்று.

முன்னால் கை எட்டும் தூரத்தில் கிடந்த சில்லுகள் மட்டும் வேறு மாதிரி இருந்தன. சிவந்து, விரிசல் விட்டு, தோல் உரிந்து. சூட்டில் வெடித்தவை. சூடு இருந்த இடத்தில் ஒரு பொட்டுக் கரி கிடையாது. எல்லாவற்றையும் தண்ணீர் கொண்டுபோயிருந்தது. சில்லுகளை மட்டும் விட்டுவிட்டு.

தனக்கு அடியில் பார்த்தான்.

நகர்ந்து உட்கார்ந்து, அந்த இடத்தையும் தடவினான். அங்கே சில்லே இல்லை. ஓர் ஆள் காலை மடித்து உட்காரும் அகலத்துக்கு, வெறும் மண்.

அம்புரோஸ் அந்த வெறும் மண்ணின் மேல் உள்ளங்கையை வைத்தான். மேலே பாறையில் வைத்துவிட்டு வந்த போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

பிறகு எழுந்து ஓடினான். ஓடினவன் போனுக்குப் போகவில்லை.

*

புடவுக்கு வெளியே, சரிவில், அவன் கொட்டிய மண் மேட்டின் முன் நின்றான்.

மழை அதை வழித்திருந்தது. பாதி ஓடைக்குப் போயிருந்தது. மிச்சத்தில் புல் முளைத்திருந்தது.

மண்டியிட்டு ஒரு பிடி அள்ளினான். விரலிடுக்கில் உதிரவிட்டான். இன்னொரு பிடி. இன்னொரு பிடி.

உள்ளங்கையில் ஒரு சில்லு நின்றது. நகம் அளவுகூட இல்லை. சிவந்திருந்தது.

கறுப்புக்கு எந்தப் பக்கம் கிடந்தது? கிட்டவா, தள்ளியா? அதற்குப் பக்கத்தில் என்ன இருந்தது, என்ன இல்லாமல் இருந்தது, யார் உட்கார்ந்திருந்தது?

சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அது சில்லு. கிடந்த இடத்தை அவன் கூடையில் அள்ளிக் கொட்டியிருந்தான். அது என்ன சொல்லும்?

வெகுநேரம் அங்கேயே கிடந்தான். உள்ளேயிருந்து பொற்கொடி கூப்பிடவில்லை.

அவன் உள்ளே வந்தபோது அவர் அதே திட்டில், அதே சாக்கின் மேல், கட்டுரையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேனாவின் மூடி திறந்திருந்தது.

"கிடைச்சுதா, சார்?"

"கிடைச்சுது மேடம். நீங்க உக்காந்திருந்த இடம்."

"அப்ப உங்களோடது?"

"நான் எங்கயும் உக்காரலையே மேடம்."

பொற்கொடி பேனாவை அவன் பக்கம் காட்டினார். "கையெழுத்து கேட்டீங்களே. எந்தப் பக்கத்துல போடணும்?"

அம்புரோஸ் கட்டுரையைப் பார்க்கவில்லை. குழியைப் பார்த்தான். முறம் அகலத்துக்குக் கறுப்பு. அதற்கு மூன்று பக்கமும் தான் வெட்டிய வெற்றிடம். நாலாவது பக்கத்தில் அவர்.

"மேடம், கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?"

"எதுக்கு? இங்க ஒண்ணும் இல்லைன்னீங்களே. கறுப்பு இல்ல, எலும்பு இல்ல."

"தெரியலை, மேடம்."

பொற்கொடி அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். மண்வெட்டி இல்லை. ஒரு கையில் தூரிகை, ஒரு கையில் சல்லடை.

பேனாவை மூடினார்.

எழுந்தார்.

சாக்கை உதறி, திட்டின் ஓரமாக, அவன் காலடியில் விரித்தார்.

"உக்காருங்க, சார்."